வாத்து எல்லோருடையது, நஷ்டம் யாருடையது?



சென்ற மார்கழியில் விவசாயி ஒருவர் பங்குக் கோயில் வாசலில் வந்து நின்றார். கையில், கால் கட்டிய காட்டு வாத்துகள் இரண்டு. நட்ட நாற்றை ராத்திரியில் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டனவாம், வலை விரித்தாராம். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று எனக்கே கொண்டுவந்திருந்தார்.

"சட்டப்படி இது குற்றமாயிற்றே, ஐயா" என்றேன்.

"சாமி, வானத்தில் பறக்கிறது யாருக்குச் சொந்தம்? பிடித்தவனுக்குத்தானே? வாத்தைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. என் நாற்றைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை; பதிலும் சொல்லவில்லை. அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் கடமை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். காட்டுப் பிராணிக்கு உடைமைக்காரன் இல்லை, பிடித்தவனே உடையவன் என்றுதான் பழைய ரோமைச் சட்டமும் சொல்லிற்று. அதன் பலன் என்ன? அமெரிக்காவில் கோடி கோடியாய்ப் பறந்த ஒரு வகைப் புறாவை ஆளுக்கு ஆள் சுட்டுத் தள்ளினார்கள். கடைசிப் புறா 1914-இல் கூண்டில் செத்தது. இரண்டாண்டு கழித்து, வலசை போகும் பறவைகளைக் காக்க அமெரிக்காவும் கனடாவுக்காகப் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுடுவது மட்டுமல்ல, வலை வைப்பதும், முட்டையை உடைப்பதும், கூட்டைக் கலைப்பதும் அதன்படி வேட்டையே.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவை மங்கோலியா, திபெத்து, லடாக்குப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. இமயமலையைத் தாண்டி வருபவை. அந்த வாத்து யாருடையது? சில மாதம் நம்மிடம் தங்குகிறது என்பதற்காக நாம் பிடித்துத் தீர்த்துவிட்டால், லடாக்கிலுள்ள குழந்தைக்குச் சேரவேண்டியதையும் அல்லவா பறித்துக்கொள்கிறோம்? ஒருவனுக்கும் சொந்தமில்லாதது, எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இனி இரண்டாம் கேள்வி. சட்டம் பயிரை மறந்துவிடவில்லை. அதன் 11-ஆம் பிரிவின்படி, பறவையோ விலங்கோ மனித உயிருக்கோ விளைந்து நிற்கும் பயிருக்கோ ஆபத்தானால், காரணத்தை எழுத்தில் காட்டி வேட்டைக்கு அனுமதி தர, தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. இது முரண்பாடல்ல. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கனடா வாத்துக் கூட்டம் விமானத்தின் இயந்திரங்களில் சிக்கியது. விமானம் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தது பெரும் பாக்கியம். பிறகு, சட்டம் காத்துவந்த அதே வாத்துகளை விமான நிலையங்களின் சுற்றுப்புறத்தில் அனுமதி பெற்றே குறைத்தார்கள். பொதுநன்மைக்காகப் பகுத்தறிவு இடும் கட்டளையே சட்டம் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். காப்பதும் அடக்குவதும் அந்த ஒரே பகுத்தறிவின் இரண்டு கைகள். ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒருவனும் இருக்க முடியாது. அதனால்தான் முடிவு நம் கையில் விடப்படவில்லை.

"மனு எழுதி, அனுமதி வருவதற்குள் நாற்று போய்விடுமே" என்பீர்கள். மெய்தான். இங்கேதான் சட்டம் நின்று, நம் கடமை தொடங்குகிறது. வாத்து எல்லோருடையது என்று சொல்லிவிட்டு, அது மேய்ந்த நஷ்டத்தை ஒருவன் தலையில் மட்டும் கட்டுவது எந்த நியாயம்?

வேடந்தாங்கல் மக்களைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று கலெக்டரிடம் கவுல் வாங்கினவர்கள் அவர்கள். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். நன்மையும் ஊருக்குப் பொது, கட்டுப்பாடும் ஊருக்குப் பொது.

உபாகமத்தில், கூட்டிலிருக்கும் தாய்ப் பறவையைப் பிடிக்காமல் போகவிடும்படி கட்டளை இருக்கிறது. கண்காணிக்கச் சேவகன் இல்லாத வழியோரத்திற்கு இடப்பட்ட கட்டளை அது. மனச்சாட்சியே அதற்குக் காவல்.

ஆகவே, வருகிற மார்கழியில் நம் ஏரிகளில் வாத்துகள் இறங்கும்போது வலையை எடுக்காதீர்கள். வாலிபர்கள் முறைபோட்டு, ராத்திரியில் விளக்கும் தகரமும் கொண்டு வயற்காவல் செய்யுங்கள். நாற்று மிஞ்சினவர்கள் இழந்தவருக்கு நாலு கட்டுக் கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

அந்த இரண்டு வாத்துகளையும் அவர் திரும்ப எடுத்துப்போனார். அவற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவருடைய நாற்றுக்கு என்ன செய்யலாம் என்று, அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பங்குக் குரு