சத்தம் கேட்டால் முதலில் எழுந்து பாருங்கள்

 

ஊருக்கு ஊர் ‘பேய் வீடு’ என்று பெயர் வாங்கிய வீடு ஒன்றாவது இருக்கும். இரவில் மாடியில் யாரோ நடக்கிறார்கள், சுவரை யாரோ தட்டுகிறார்கள் என்பார்கள். நம்மில் சிலர் பேய் என்று சொல்லத் தயங்கி, “அங்கே ஜின் இருக்கிறது” என்பார்கள். பெயர்தான் மாறுகிறது. பயமும் தாயத்தும் அப்படியே இருக்கின்றன.

ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. அதில் ஐயமில்லை. ஆனால் நேற்றிரவு உங்கள் மாடியில் கேட்ட சத்தம் ஜின்னுடையது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஜின் உண்டு என்பது வஹீ மூலம் கிடைத்த அறிவு. அந்தச் சத்தம் ஜின்னுடையது என்பது நம் ஊகம். மறைவான ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது என்று சொல்லும் நாம், ஊகத்தை எப்படி உறுதியான செய்தியாகப் பரப்ப முடியும்?

மதீனாவில் ஓர் இரவு

ஒருநாள் இரவு ஏதோ சத்தம் கேட்டு மதீனாவாசிகள் திடுக்கிட்டார்கள். சத்தம் வந்த திசையை நோக்கிச் சிலர் புறப்பட்டார்கள். எதிரே நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணம்கூடப் பூட்டாமல் ஏறி, கழுத்தில் வாள் தொங்க, எல்லோருக்கும் முன்பே போய்ப் பார்த்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் போனார்கள், பார்த்தார்கள், அதன் பிறகுதான் மக்களிடம் பேசினார்கள். நாமோ போர்வைக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும்?

பகலில் வெயிலில் விரிந்த தகரக் கூரையும் மர உத்தரமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ‘டக், டக்’ என்று சத்தமிடும். வேகமாக ஓடும் தண்ணீரைக் குழாயில் சட்டென்று நிறுத்தினால், அது குழாயை மோதுவது யாரோ சுவரைத் தட்டுவது போலிருக்கும். ஓட்டுக்கும் கூரைக்கும் இடையே மரநாய் நடந்தால் ஆள் நடப்பது போலவே கேட்கும். பகலிலும் இவற்றில் பல நடக்கின்றன. தெருச் சத்தத்தில் நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

கூகை அலறினால் மனிதர் அலறுவது போலிருக்கும். அதன் குஞ்சுகள் சீறுவது யாரோ பெருமூச்சு விடுவது போலிருக்கும். எலியைத் தின்று நமக்கு உதவும் இந்தப் பறவையைச் ‘சாக்குருவி’ என்று சொல்லி விரட்டுகிறோம். அறியாமைக் கால அரபிகளிடமும் ‘ஹாமா’ என்றொரு நம்பிக்கை இருந்தது. கொல்லப்பட்டவனின் தலையிலிருந்து ஒரு பறவை புறப்பட்டு, பழிவாங்கும்வரை கத்தும் என்றார்கள். அப்படி எதுவும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

சில நேரம் பார்க்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய வீடொன்றுக்குக் குடிபோன அவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ பின்னால் நிற்பது போலிருந்தது. தலைவலி வந்தது, பிள்ளைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள் பட்டுப்போயின. கடைசியில் வீட்டைச் சூடாக்கும் உலையைச் சோதித்தார்கள். அது பழுதாகி, கார்பன் மோனாக்சைடு கலந்த புகையை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. பேய் என்று சொல்லி அதோடு நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? அடைத்த அறையில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களும் கரியடுப்பு வைப்பவர்களும் இதை மறக்க வேண்டாம். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை.

ஊகத்தால் யாருக்கு நஷ்டம்?

ஒரு வீட்டை ‘ஜின் வீடு’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் வாடகைக்கு வருவார்கள்? அந்த வாடகையை நம்பி ஒரு விதவைத் தாய் இருக்கலாம். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டு, அடிமாட்டு விலைக்கு வீட்டைக் கேட்பவர்களும் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வலிப்போ மனச்சோர்வோ வந்தால், மருத்துவரிடம் போக வேண்டியவளை ஜின் ஓட்டுபவரிடம் இழுத்துப் போகிறார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை. ஒருவரைத் திருடன் என்று சொல்லச் சாட்சி கேட்கும் நாம், ஒரு குடும்பத்தின் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சாட்சி தேடுவதில்லை.

“எல்லாம் பார்த்தும் காரணம் தெரியவில்லையே?” என்று கேட்கலாம். தெரியவில்லை என்றே சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. நமக்குத் தெரியாததெல்லாம் ஜின்னின் வேலையாகிவிடாது. ஆயத்துல் குர்ஸி ஓதுங்கள், அது நம் பாதுகாப்பு. ஓதிவிட்டு விளக்கைப் போட்டு மாடிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எத்தனை மணிக்குக் கேட்கிறது, மோட்டார் போட்ட பிறகா, காற்றடிக்கும்போதா என்று குறித்து வையுங்கள். காலையில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். பார்த்து முடிக்கும்வரை அந்த வீட்டைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

உறுதியாகத் தெரியாததைப் பேசுவதிலிருந்து நம் நாவுகளை வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.