உருகாத மெழுகு

அக்கா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நாளில் வாசித்த வாழ்த்து மடலில் மெழுகுவர்த்தி நான்கு முறை வந்தது. தன்னை உருக்கி ஊருக்கு ஒளி தந்தவர் என்று முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மடலை மேசைமேல் வைத்துவிட்டு அக்கா கேட்டாள்: “நான் உருகுனதை எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானேடா இருந்தீங்க?”

அப்பா போனபிறகு எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தவள் அவள். எனக்குப் பதில் வரவில்லை. பல வருடங்கள் கழித்து, தாய்லாந்தில் ஒரு திருவிழாவில் அந்தக் கேள்வி திரும்ப வந்து எதிரே நின்றது.

பாங்காக்கில் இரவு ரயில் ஏறினால் காலையில் உபோன் ராட்சதானியில் இறங்கலாம். மூன் ஆற்றங்கரை ஊர். அந்தத் திருவிழா நடப்பது இங்கேதான். மழைக்காலம் தொடங்கியதும் பிக்குகள் ஊர்சுற்றுவதை நிறுத்தி, மூன்று மாதம் ஒரே விகாரையில் தங்குவார்கள். முளைத்துவரும் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காகப் புத்தர் காலத்திலேயே வந்த ஏற்பாடு. அந்த இரவுகளில் ஓதவும் படிக்கவும் வெளிச்சம் வேண்டுமே என்று ஜனங்கள் மெழுகுவர்த்தி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சின்னச் சின்ன வர்த்திகளைச் சேர்த்துக் கட்டிப் பெரிய ஒன்றாக்குவதுதான் பழைய வழக்கம். பிறகு அச்சில் அழுத்தி எடுத்த பூவேலையை மேலே ஒட்டினார்கள். அதற்கும் பிறகு மெழுகையே செதுக்கத் தொடங்கினார்கள். இன்று ஆள் உயரத்தைத் தாண்டிய கருடன்களும் நாகங்களும் தேரில் ஏறி வீதி வலம் வருகின்றன.

ஊர்வலத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அருங்காட்சியக வளாகத்தில் நடந்த பன்னாட்டு மெழுகுச் சிற்பப் போட்டி. பல நாட்டுச் சிற்பிகள் ஆளுக்கொரு மெழுகுப் பாளத்தின் முன் நின்றார்கள். ஒருவர் குனிந்திருக்கும் ஒரு முதுகை மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தார். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் கத்தியை மாற்றினார். நடுப்பகல் வெயில் கொளுத்தியது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே குழைந்து கொடுத்துவிடும். அதனால் எல்லோருக்கும் நிழல் பெரிய கவலையாக இருந்தது. பந்தல் துணி சற்று விலகினாலும் யாராவது ஓடிவந்து இழுத்துவிட்டார்கள்.

மெழுகு உருகிவிடாமல் காக்க இத்தனை பேர் ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் கும்பகோணத்துக்காரன். எனக்குத் தெரிந்த மெழுகு சுவாமிமலைப் பட்டறை மெழுகு. குங்கிலியம் கலந்த தேன்மெழுகில் ஸ்தபதி விரல் நகம்வரை உருவைச் செய்து முடிப்பார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு வழிந்து வெளியேறிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கோயிலுக்குப் போவது உலோகம். மெழுகு என்றால் போய்விட வேண்டியது என்றுதான் என் மனம் பழகியிருந்தது. அக்காவையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். எங்களை வார்த்துவிட்டு அவள் வழிந்து போக வேண்டியவள்.

இங்கே எதிரே இருந்த சிற்பங்களுக்குத் திரியே இல்லை. யாரும் அவற்றைக் கொளுத்தப் போவதும் இல்லை. விகாரை முற்றங்களில் விழாவுக்குப் பல வாரம் முன்பிருந்தே அக்கம்பக்கத்தார் கூடி, கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளுமாக மெழுகுப் பூக்களை ஒட்டுவார்கள். சீவிய துருவலைச் சேர்த்து உருக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். பிக்குகளின் வெளிச்சத்துக்கு? இப்போது பலர் மெழுகுவர்த்தியோடு டியூப் லைட்டும் பல்பும் வாங்கிக் கொடுக்கிறார்கள். வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. அதற்காக எதுவும் எரிந்து தீர வேண்டியதில்லை.

தாயையும் ஆசிரியரையும் மெழுகுவர்த்தி என்று நாம் சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் நமக்கு ஒரு வசதியும் செய்து கொடுக்கிறது. உருகுவது அவர்கள் இயல்பு என்று ஆகிவிட்டால் நாம் எழுந்து ஒரு வேலைக்குக் கைகொடுக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு முதுகுவலி முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு விடைத்தாள் திருத்திவிட்டு அவள் மாவாட்டும்போது நான் பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கல் சுற்றும் சத்தம் கேட்கும். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன்.

அந்தக் குனிந்த முதுகின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஊர் திரும்பியதும் அக்காவிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். “இந்த எடத்துலதான் எனக்கும் வலிக்கும்” என்றாள். இத்தனை வருடத்தில் எந்த இடத்தில் வலிக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஓய்வு பெறும் ஆசிரியைக்கு வாழ்த்து மடல் எழுதப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெழுகுவர்த்தியை விட்டுவிடுங்கள். அவர் நடத்திய பாடத்தில் எது இன்றும் நினைவிருக்கிறதோ அதை எழுதுங்கள். விழா முடிந்ததும் வீடுவரை கூடப் போய்விட்டு வாருங்கள்.