எது அசல் ஆம்ப்?

வீட்டிலேயே கிதார் பதிவு செய்கிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: ட்யூப் என்னும் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் ஆம்ப்தான் அசல், கணினியில் ஓடும் ஆம்ப் மாடல் போலி. இதை நான் 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தியிடம் கொண்டுபோவேன். ஒரு பொருள் மெய்யா என்பதற்கு அவர் வைத்த உரைகல், அது காரியம் செய்கிறதா என்பதுதான்.

பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மார்ஷல் ஆம்பே தப்பாது. 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் ஸ்பீக்கர் இங்கிலாந்தின் செலஸ்டியன், ஒலியும் வேறானது. நகலாகப் பிறந்ததைத்தான் இன்று அசல் என்று கொண்டாடுகிறோம்.

நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளுக்கு ஆம்புக்குள் என்ன ட்யூப் இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. சோதனை ஒலி ஒன்றை ஆம்புக்குள் அனுப்பி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுப் பழகிக்கொள்கிறது. காரியத்தை மட்டுமே கற்ற இதைத் தர்மகீர்த்தி தள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். பதிவான பாட்டைக் கேட்கிறவருக்கோ, ஆம்ப் என்றைக்குமே மைக் வழியாக வந்த ஒலிதான்.

ஆனால் வாசிக்கிறவர் நிலை வேறு. உரக்க வைத்த ஆம்பின் எதிரே நின்று, மூன்றாம் கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ஸ்பீக்கர் தள்ளும் காற்று கம்பியை மறுபடி அசைக்கிறது. அடங்க வேண்டிய சுரம் அடங்காமல் நின்று, மெல்ல மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. உடம்பைச் சற்றுத் திருப்பினால் அதுவும் மாறுகிறது. விரல் அதற்கேற்ப அசைவை மாற்றிக்கொள்கிறது. ஹெட்ஃபோனில், அந்த ஆம்பின் மாடலில், அதே சுரம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்து போகிறது.

இந்தக் குறையை ட்யூப் இல்லாததன் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. என் பத்துக்குப் பத்து அறையில், அதே மாடலை ஸ்பீக்கரில் உரக்க விட்டால் கம்பி உயிர்த்துக்கொள்கிறது. அசைக்கும் காற்றுக்குப் பின்னால் இருப்பது கண்ணாடிக் குழாயா, வெறும் கணக்கா என்று கம்பி பார்ப்பதில்லை.

ஆகவே, ட்யூப் ஆம்புக்காகப் பணம் சேர்த்துவரும் தம்பிகளே, தங்கைகளே: முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ளும் நேரம் எது என்று கேட்டுவைத்து, அந்த நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாசியுங்கள்.