விலை கொடுத்த விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியரும் அப்பொருளில் அதனை ஆண்டுள்ளார். முன்பின் அறியாதவனாய் வாயிலில் வந்து நிற்கும் புதியவனே விருந்தினன். அவன் ஒன்றும் கொடாமலே உண்டான், உறங்கினான். கடன்பட்ட நெஞ்சோடு விடைபெற்றான். இக்கால விருந்தினனோ பணத்தை முன்னரே செலுத்திவிட்டு வருகிறான். ஆதலின் தனக்குக் கடன் ஏதும் இல்லை என்று எண்ணுகிறான். அவ்வெண்ணம் சரிதானா?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பழைய நகரம். மலாக்காவுடன் சேர்த்து 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் தெருக்களில் கடைவீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. குறுகிய முகப்பு, நீண்டு செல்லும் உட்புறம், நடுவே வெயிலும் மழையும் இறங்கும் திறந்த முற்றம், முன்னால் வழிப்போக்கருக்கு நிழல் தரும் ஐந்தடி நடைபாதை. இவற்றுள் சில இன்று சிறிய சொகுசு விடுதிகளாகியுள்ளன. பத்துப் பன்னிரண்டு அறைகளே இருக்கும். வருவோரைப் பெயர் சொல்லி அழைப்பர். ஒரு காலத்தில் துணி உலர்ந்த முற்றத்தில் இன்று தாமரைத் தொட்டி இருக்கிறது. அதன் அருகில் அமர்ந்து, பழமையின் மணம் கமழ்வதாக விருந்தினன் மகிழ்கிறான்.

அம்மணத்தை உண்டாக்கியவர் யார்? 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயரவிடாமல் நிறுத்தியிருந்தது. அதனால் கூலித் தொழிலாளரும் சிறு வணிகரும் கைவினைஞரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. கீழே தொழில், மேலே குடும்பம். அதே குறைந்த வாடகை, வீட்டுக்காரர் கூரையைப் பேணாமைக்கும் காரணமாயிற்று என்பதை மறைத்தல் ஆகாது. 2000 ஜனவரி முதல் நாளோடு கட்டுப்பாடு நீங்கிற்று. வாடகை உயர்ந்தது. குடும்பங்கள் பல வெளியேறின. அவரோடு தொழில்களும் போயின. வெறுமையான வீடுகள் சிலவற்றில் விடுதிகள் புகுந்தன.

அவ்வாறாயின் விடுதியில் தங்குவது பிழையோ? அப்படிச் சொல்லிவிட முடியாது. லீத் தெருவில் சியோங் பாட் சே என்னும் பெருவணிகர் கட்டிய நீல மாளிகை, 38 அறைகளும் 220 சன்னல்களும் உடையது. அவர் 1916இல் மறைந்தார். காலப்போக்கில் சிதைந்துகொண்டிருந்த அம்மாளிகையை 1989இல் உள்ளூர் மரபு ஆர்வலர் சிலர் வாங்கிச் செப்பனிட்டனர். இன்று அது விடுதியாகவும் பலர் காணும் காட்சியிடமாகவும் விளங்குகிறது. பழைய செங்கற்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். இவ்வேலைக்குத் தேர்ந்த கைகள் வேண்டும், பெரும்பணமும் வேண்டும். மரபு மரபு என்று மேடையில் முழங்குவோர், ஒரே ஒரு கூரையோட்டை மாற்றக் காசு கொடுத்ததாகக் கேள்வியில்லை. விடுதி விருந்தினனோ கொடுக்கிறான். அந்த அளவில் அவன் செய்வது நன்மையே.

ஆனால் அவன் கொடுத்த பணம் கட்டிலுக்கும் உணவுக்கும் சுண்ணாம்புக்கும் ஈடாகும். அத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து அதற்கு உயிரூட்டியவருக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை. வந்தவன் நாடி வந்தது அவ்வுயிரைத்தான். கட்டிலும் குளிர்சாதனமும் எந்த ஊரிலும் கிடைக்குமே!

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அப்பத்துக் குறளும் வரவேற்பவனை நோக்கியவை. விருந்தினன் கடமைக்குத் தனி அதிகாரம் இல்லை. புதியவனாய் வந்தவன் பணிவோடுதான் வருவான் என்று அக்காலம் நம்பியது போலும். பணம் கொடுத்தவனிடம் அப்பணிவை எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கத்தான் வேண்டும். மார்க்கெட் தெருவில் பூத்தொடுப்பவரைப் படக்கருவிக்கு ஏற்ற காட்சிப் பொருளாக மட்டும் காணாதிருத்தல், ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் முதியவருக்கு ஒதுங்கி வழிவிடுதல் ஆகியவை சிறு செயல்களே. ஆயினும் அவற்றைச் செய்பவன், அத்தெரு தன் இன்பத்துக்காக அமைக்கப்பட்டதன்று என அறிந்தவன்.

குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டு முதல் அங்கே இருக்கிறது. விடியலில் மணியோசை கேட்டு உறக்கம் கலைந்தவன், விடுதிப் பணியாளரை அழைத்து முறையிடத் தொலைபேசியை எடுக்கலாம். அல்லது சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அவ்வாயிலில் புதியவனாய் நிற்கலாம்.