கை கருவியா?

மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை கவிழ்ந்து, முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிகின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கியமான நரம்பும் மணிக்கட்டிலுள்ள குறுகிய வழி ஒன்றின் ஊடாகத்தான் உள்ளங்கைக்குள் போயாக வேண்டும்; மணிக்கட்டு வளைய வளைய அங்கே அழுத்தம் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்த கை ஒருநாள் மரத்துப்போனால், கைக்குப் பட்டை கட்டுகிறோம், மாத்திரை போடுகிறோம். மவுஸ் அப்படியே இருக்கிறது. கருவி நன்றாக இயங்கும்வரை நம் கவனத்துக்கு வருவதில்லை, பழுதானால்தான் எதிரே வந்து நிற்கிறது என்று 1927இல் ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் சுத்தியலைக் காட்டி எழுதினார். இங்கே பழுதாகி எதிரே வந்து நிற்பது கை. மனிதனின் கையைக் கருவியின் இடத்துக்கு இறக்கிவிட்டோம் என்பதே இதன் பொருள். அது அறப்பிழை என்பது என் வாதம்.

உடம்பே நிலையில்லாதது, மணிக்கட்டைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சமயத்தின் பக்கமிருந்து ஒரு கேள்வி வரலாம். துறவி தன் உடம்பைத் தானே விரும்பி வருத்திக்கொள்கிறார். பிறருடைய கெடுவுக்காக ஊழியர் கையை இழப்பதைத் துறவோடு சேர்த்து எண்ண முடியாது. தவிர, நம் மரபு முழுவதும் உடம்பை இகழவில்லை. உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணும் வழியாகவே கண்டது திருமந்திரம். வயலில் குனிந்து நிற்பவரின் இடுப்புவலிக்கு முன் இது ஒரு வலியா என்பது இன்னும் கனமான கேள்வி. அதற்கான விடையும் வயலில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லெட்யூஸ் வயல்களில் தொழிலாளர்களுக்குப் பிடி குட்டையான களைக்கொத்தியைக் கொடுத்து, நாள் முழுவதும் குனிந்தே வேலைசெய்ய வைத்தார்கள். முதுகெலும்பு நாசமானது. குட்டைப் பிடியில் மேற்பார்வையாளருக்கு ஒரு வசதி இருந்தது: நிமிர்ந்து நிற்பவர் வேலை செய்யவில்லை என்பது தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1975இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. யாருடைய உடம்பு எவ்வளவு வளையலாம் என்ற முடிவு அந்தப் பிடியின் நீளத்திலேயே இருந்தது. மவுஸின் வடிவத்திலும் அப்படி ஒரு முடிவு இருக்கிறது. வலியின் அளவு வேறு. உடம்புக்கு ஏற்பக் கருவி மாற வேண்டும் என்ற நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மாற்றுக் கருவிகள் உண்மையில் உதவுகின்றனவா என்பதே கடினமான மறுப்பு. கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் முன்கையின் முறுக்கைத் தளர்த்துகிறது. ஆனால் மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அது மணிக்கட்டின் நிலையை மாற்றினாலும் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்று கண்டது. பதித்த பந்தை விரலால் உருட்டும் டிராக்பாலில் கை நகர வேண்டியதில்லை. ஆனால் கட்டைவிரலால் உருட்டும் வகையில் பளு கட்டைவிரலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தச் சான்றுகளை நான் மறைக்க விரும்பவில்லை. அவை என் வாதத்தைச் சாய்க்கவில்லை, வடிவத்தோடு அது நின்றுவிடக் கூடாது என்கின்றன. தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713இல் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே விதமாக அசைந்துகொண்டே இருப்பது, பிழை நேர்ந்துவிடுமோ என்ற மனப்பதற்றம். அன்று மவுஸ் இல்லை, இறகுப் பேனாதான். ஆகவே கைக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருக்கு வேண்டும். வலி தொடங்கும் முன்பே கையை எடுத்து ஓய்வு கொடுக்கும் உரிமையும் அதோடு வேண்டும். செங்குத்து மவுஸை வாங்கிக் கொடுத்துவிட்டு, மவுஸ் அசையாத நிமிடங்களை மென்பொருளால் எண்ணும் அலுவலகம், குட்டைப் பிடி செய்த வேலையை வேறு வழியில் செய்துகொண்டிருக்கிறது.