கட்டளையான களிப்பு

ஒருவனை உண்ணாதிருக்கும்படி பணிக்கலாம், பொய்யுரையாதிருக்கும்படி பணிக்கலாம். மகிழ்ந்திருக்கும்படி பணித்தல் இயலுமா? உள்ளத்தில் எழும் உணர்ச்சியாகிய அன்பு ஆணைக்கு அடங்குவதன்று என்று 1785ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அறவியல் நூலிலே கான்ற் எழுதினார். மகிழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்றே எவரும் கருதுவர். ஆயின், யூதரின் கூடாரப் பண்டிகையைப் பற்றிக் கூறும் உபாகமம், அந்நாட்களில் மகிழ்ந்திருத்தல் வேண்டுமெனத் தயக்கமின்றி விதிக்கின்றது.

இவ்விதி அமைந்த இடம் நோக்கத்தக்கது. யூதரின் இலையுதிர்காலப் பெருநாட்கள் அச்சத்துடன் தொடங்குகின்றன. புத்தாண்டு நியாயத்தீர்ப்பு நாளாகக் கருதப்படுவது. பத்தாம் நாளாகிய பாவநிவாரண நாளில் ஏறத்தாழ 25 மணிநேரம் நீரும் அருந்தாது நோன்பிருப்பர். அது கழிந்த ஐந்தாம் நாளிலே உறுதியான வீட்டைவிட்டு, இலைதழை வேய்ந்த குடிசையில் ஏழு நாட்கள் உண்டு உறைவர். பண்டை இஸ்ரவேலில் விளைச்சல் யாவும் மனைக்கு வந்து சேரும் வேளை அது. மகிழ வேண்டியவர் யாவர் என்பதையும் உபாகமம் கூறுகின்றது: பிள்ளைகள், வேலையாட்கள், அந்நியர், தந்தையற்றோர், கைம்பெண்கள். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதனை மேலும் கூர்மையாக்கினார். கதவை அடைத்து, வறியவருக்கு ஈயாது, மனைவி மக்களுடன் உண்பவனது மகிழ்ச்சி வயிற்றின் மகிழ்ச்சியே என்பது அவர் தீர்ப்பு. கதவைத் திறந்துவைக்கும்படி ஆணையிடலாம் என்பதில் கான்றுக்கும் மறுப்பு இருந்திராது.

கல்வியால் வரும் மகிழ்ச்சியோ இதனினும் சிக்கலானது. பண்டிகைக் காலத்தின் இறுதிநாள் சிம்ஹத் தோரா, அஃதாவது தோராவின் மகிழ்ச்சி, எனப்படும். ஓராண்டாக வாசித்துவந்த ஐந்நூல், வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழையாமலே மோசே இறப்பதுடன் அன்று முடிகின்றது. உடனே ஆதியாகமத்தின் முதலதிகாரம் தொடங்குகின்றது. சுருள்களை ஏந்தி ஏழு முறை வலம்வந்து ஆடுவர். 1663இல் இலண்டன் யூத ஆலயத்தில் இதனைக் கண்ட சாமுவேல் பீப்ஸ், வழிபாட்டில் இத்தனை ஒழுங்கின்மையா எனத் தம் நாட்குறிப்பிலே முகஞ்சுளித்தார். ஆடும்போது சுருள் மூடியே இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லைப் போலும். விரித்த சுருள் கற்றவனுக்கே பயன்படும். மூடிய சுருளைச் சுமக்க எழுத்தறிவு வேண்டா. (பெண்களுக்கு அவ்வாட்டத்தில் நெடுங்காலம் இடமில்லாதிருந்தமை இக்கருத்துக்கே முரணானது, இன்றும் பல ஆலயங்களில் அம்முரண் நீடிக்கின்றது.) 1960களில் மொஸ்கோ யூத ஆலயத்தின் முன்னுள்ள தெருவிலே அந்நாளில் ஆயிரக்கணக்கான இளைஞர் திரண்டு ஆடினர். எபிரேயக் கல்வி மறுக்கப்பட்டு வளர்ந்த அவருட் பலர் தோராவின் ஒரு வரியையேனும் வாசிக்க அறியார். கல்லாத நூலின்பொருட்டு மகிழ்தல் பொய்யாகுமா? கற்கும் உரிமையைத் தெருவில் நின்று கோரியவரின் மகிழ்ச்சியைப் பொய்யெனக் கொள்வது கடினம்.

எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைவுகூரும் நாளில் தோரா கற்பது தடுக்கப்பட்டுள்ளது. கற்றல் உள்ளத்தை மகிழ்விக்கும் என்பதே காரணம். மறுதலையாக, பண்டிகை பிறந்தால் ஏழுநாள் துக்கம் முடிவுறும் என்பதும் யூதச் சட்டமே. ஆனால் 2023 ஒக்டோபர் 7, இஸ்ரேலில் சிம்ஹத் தோரா நாளாகவே இருந்தது. ஹமாஸின் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காசாவிலே பல்லாயிரவர் மாண்டனர். பண்டிகையும் நினைவுநாளும் ஒன்றாகிவிட்ட குடும்பங்களுக்கு அச்சட்டம் எவ்வாறு உதவும்? 2024இல் ஆடுவதா, வேண்டாமா என்று யூத சமூகங்கள் பலவும் தம்முள் வினவின. அந்நியனும் மகிழ்தல் வேண்டுமென்ற விதியை அவ்வாண்டு வாசித்தல் எளிதாயிருந்திராது. சில இடங்களில் ஆட்டம் குறைந்தது. வாசிப்பு நிற்கவில்லை: மோசேயின் மரணம் வாசிக்கப்பட்டது, அதே நாளில் ஆதியாகமம் தொடங்கப்பட்டது.