மண் சுமக்க வாருங்கள்!

"நாங்கள் நாலு பேர் சேர்ந்து என்னத்தைச் செய்து கிழிக்கப் போகிறோம்?"

தம்பி தங்கைகளே, இந்தக் கேள்வியை முதலில் தூக்கிக் கடலில் எறியுங்கள். உலகம் வியக்கிற ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலையில்தான் இருக்கிறது. எவ்வளவு அவநம்பிக்கையை எறிந்தாலும் தாங்கும்!

உங்கள் பாடசாலையிலும் ஓர் இந்து மாணவர் மன்றம் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடக்கும். நவராத்திரிக்கு வாணி விழா, அவல், சுண்டல். நாவலர் குருபூசைக்கு ஒரு பேச்சுப் போட்டி. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு குழுப்படம். அதோடு கடை மூடப்பட்டுவிடும். இதற்குத்தானா மன்றம்? பதினேழு, பதினெட்டு வயதில் உடம்பில் ஓடுகிற இரத்தத்துக்கு அவல் சுண்டல் மட்டும் போதுமா?

கோணேசர் மலையை அண்ணாந்து பாருங்கள். சம்பந்தர் பாடிய தலம் அது. 17ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். கோயிற் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். இன்று மான்கள் மேய்கிற பிரெட்றிக் கோட்டையைக் கடந்துதான் நாம் கோயிலுக்கு ஏறுகிறோம். படை வருகிறது என்று தெரிந்ததும், பீரங்கியை எதிர்க்க வலுவில்லாத யாரோ சிலர் தெய்வத் திருவுருவங்களை எடுத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. 1950இல் கிணறு ஒன்று தோண்டியபோது அந்தத் திருவுருவங்கள் வெளியே வந்தன. 1963இல் மலையுச்சியில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதைத்த நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். புதைத்தவர்கள் குடமுழுக்கைப் பார்க்கவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பார்க்கவில்லை, பேரப்பிள்ளைகளும் பார்க்கவில்லை. இருந்தும் செய்தார்கள். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதையில் படிக்கிறீர்களே, அதன் செய்முறைப் பாடம் உங்கள் ஊர் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. நீங்களோ ஒரு சிரமதானம் முடிந்த அன்றிரவே எத்தனை 'லைக்' விழுந்தது என்று பார்க்கிறீர்கள்!

அடுத்து 1897ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கினார். மே மாதம் முதலாம் திகதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அதே 1897இல் திருகோணமலையில் இந்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பாடசாலை தொடங்கியது. அதுதான் இன்றைய ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. 1925இல் மிஷன் அதைப் பொறுப்பேற்றபோது வழிநடத்த வந்தவர் கிழக்கு மண்ணின் பிள்ளை, காரைதீவு மயில்வாகனன். உலகம் அறிந்த பெயர் சுவாமி விபுலாநந்தர்.

அப்போது அவருக்கு வயது 33. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் இருந்தது, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் இருந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியில் இருந்தவர். வீடு, வாகனம், மரியாதை எல்லாம் தேடி வரக்கூடிய படிப்பு. அத்தனையையும் விட்டுக் காவி உடுத்தினார். உடுத்தியவர் மலையுச்சிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பாடசாலைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார், கூரையைப் பார்த்தார், பிள்ளைகளின் பசியைப் பார்த்தார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோதும், அருகே திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு நடந்துபோய், அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 'யாழ்நூல்' எழுதிய அதே கை, சேரிப் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதியது. அறிவும் ஒழுக்கமும் தொண்டும் அவருக்கு மூன்று பாடங்கள் அல்ல, ஒரே பாடம்.

தங்கைகளே, உங்களுக்கும் முன்னோடி உண்டு. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பலாமா என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், 1923இல், திருகோணமலையில் பெண்களுக்கென்று பாடசாலை தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார். அதுதான் இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக நிற்கிறது. ஊர் யோசித்து முடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

"அவர்கள் எல்லாம் பெரியவர்கள், எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை" என்கிறீர்களா? தைரியம் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1899இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. குப்பை மலிந்த ஒழுங்கைகளுக்குள் போக ஆட்கள் அஞ்சினார்கள். அயல்நாட்டில் பிறந்து விவேகானந்தரின் சிஷ்யையான நிவேதிதை துடைப்பத்தை எடுத்துத் தானே தெருக் கூட்டத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நின்ற இளைஞர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி வந்து துடைப்பத்தைப் பிடித்தார்கள். அவர்கள் வீரர்களாக வரவில்லை, வெட்கப்பட்டுத்தான் வந்தார்கள். கூட்டிக் கூட்டித்தான் பயம் போனது.

தன்னம்பிக்கை பிறக்கிற வழியும் அதுதான். "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன்னால் நூறு தடவை சொன்னாலும் மனம் நம்பாது. உங்கள் மனம் மூலைக்கடை முதலாளியைப் போல. நீங்கள் சொன்னதையும் செய்ததையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறது. "நாளைக்கு எழும்பிப் படிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தால் அது கடன். சனிக்கிழமை ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லி, மழையிலும் வந்து நின்றால் அது வரவு. வரவு கூடக் கூட உங்கள் சொல்லுக்கு உங்களிடமே மதிப்பு ஏறும். அந்த மதிப்புக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். பண்பு வளர்வதும் அதிலேதான்.

இதற்கு ஆன்மீகம் எதற்கு, தொண்டு மட்டும் போதாதா? போதாது! வணக்கம் இல்லாத தொண்டு விரைவில் தலைக்கனமாக மாறும். ஒரு பொதி அரிசியைக் கொடுத்துவிட்டு, வாங்குகிற தாயின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டச் சொல்லும். சைவம் நமக்குக் காட்டியது வேறு வழி. அப்பர் பெருமான் பாடிக்கொண்டு மட்டுமா போனார்? கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியில் புல் செதுக்கினார். மதுரையில் வைகை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று அரசாணை. பிட்டு விற்ற கிழவி வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, அவளுக்காக மண் சுமந்தார். ஆள் இல்லாதவருக்கு ஆளாகப் போய் நிற்பது கடவுளின் வேலை என்கிறது திருவிளையாடல். அந்தக் கடவுளைக் கும்பிடுகிற மன்றத்துக்கு, ஊரில் எந்த வந்திக்கு ஆள் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டாமா?

தேடிப் பாருங்கள், தெரியும். தம்பலகாமத்திலும் ஈச்சிலம்பற்றிலும் ரியூசனுக்குக் காசில்லாமல் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். அறநெறிப் பாடசாலைகளில் ஆசிரியருக்கு உதவ ஒரு கை வேண்டும். கோயில் வீதியிலும் கடற்கரையிலும் பொலித்தீன் கிடக்கிறது. பதினெட்டு நிறைந்து உடல் தகுதியும் இருந்தால் இரத்தம் கொடுக்கலாம். மாரி பிறந்தால் மகாவலி கொட்டியாரக் குடாப் பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வருவதற்கு முன்பே முதலுதவி பழகி வைக்கலாம்.

உதவி போகிற வீட்டில் சாதி, மதம் கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையாக வந்த கடல் கேட்டதா? நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அது எல்லா வீட்டுக்குள்ளும்தான் புகுந்தது. மூவின மக்களும் வாழ்கிற மாவட்டம் நமது. முஸ்லிம் அயலவரின் முற்றத்து வெள்ளத்தை இறைக்கிற இந்து மாணவன் தன் சமயத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதை வாழ்ந்து காட்டுகிறான்.

தடை வரும். "என்னடா, சாமியாராகப் போறியா?" என்று நண்பர் சிரிப்பார். சிரிக்கட்டும், நாலாவது வாரம் அவரும் வருவார். "முதலில் சோதனையைப் பார்" என்று அம்மா சொல்வார். அது நியாயமான கவலை. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பின்னக்கணக்கு விளக்குகிறவருக்குத் தன் கணக்கும் தெளியும் என்று சொல்லுங்கள். காசு இல்லை என்பீர்கள். துடைப்பத்துக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கும் பெரிய காசு வேண்டாம். சேர்கிற ஒவ்வொரு ரூபாயையும் எழுதி, எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டுங்கள்.

பேராதனையைப் பாருங்கள். பல்கலைக்கழக மலைச்சரிவில் நிற்கிற குறிஞ்சிக்குமரன் கோயிலின் பின்னால் இருப்பது அங்கு படிக்கிற இந்து மாணவர்களின் சங்கம். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு பட்டம் பெற்றுப் போய்விடும், அடுத்த வகுப்பு சாவியை வாங்கிக்கொள்ளும். விரிவுரைக்கும் பரீட்சைக்கும் நடுவில் அவர்களால் முடிகிறது. உங்களால் ஏன் முடியாது?

ஆகவே திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிராதீர்கள். இலச்சினைக்குப் போட்டி வைக்காதீர்கள். இன்றிரவே மூன்று பேருக்கு அழைப்பு எடுங்கள். இடத்தைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை முதல் ஆளாக நீங்கள் போய் நில்லுங்கள். ஒரு தேவாரம் பாடுங்கள், ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள், பிறகு வேலையில் இறங்குங்கள். ஒருவரும் வராவிட்டாலும் தொடங்குங்கள். அடுத்த சனிக்கிழமையும் போங்கள், அதற்கடுத்த சனிக்கிழமையும் போங்கள். சொன்ன சொல் தவறாத ஒருவர் இருந்தால் போதும், மன்றம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்!